மேட்டை எங்கிருந்து அளப்பது?

குன்னூர்ப் பள்ளியின் வேதியியல் வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால் தவமணி நிற்கிறாள். சன்னலை மூடுபனி அடைத்திருக்கிறது. பல்பு எரிந்தும் வெளிச்சம் போதவில்லை. சிலோனிலிருந்து வந்து இடையில் சேர்ந்தவள். இன்று சரியாகப் பதில் சொன்னால்தான் அறிவியல் பிரிவு, இல்லையென்றால் வரலாற்றுக்கு மாறிவிட வேண்டும் என்று தபித்தாள் டீச்சர் சொல்லிவிட்டார். பலகையில் ஒரு வினையின் ஆற்றல் வரைபடம். வினைபடுபொருள்கள் நாற்பது கிலோஜூலில் நிற்கின்றன. கோடு எண்பதுவரை மேடாக ஏறி, விளைபொருள்களிடம் பத்துக்கு இறங்குகிறது.

“வினை நடக்க எவ்வளவு ஏறணும்?”

“எண்பது டீச்சர்.” தவமணி அடியிலுள்ள பூஜ்யக் கோட்டிலிருந்து உச்சிக்கு அம்பு போடுகிறாள். “ஸ்டேஷன் போர்டுல எல்லா ஊருக்கும் கடல்ல இருந்துதானே உயரம் போட்டிருக்கு?”

வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. “ஏனுங்க சிலோன்காரம்மா, ஊட்டிக்குப் போறதுக்குக் கடல்ல இருந்தா பஸ் ஏறுவீங்க?” என்கிறாள் முன்வரிசைப் பியாட்ரிஸ்.

தவமணிக்குக் காது சுடுகிறது. சட்டென்று அம்பை உள்ளங்கையால் அழித்துவிட்டு, நாற்பதிலிருந்து உச்சிக்குப் புதிதாகப் போடுகிறாள். “நிக்கிற எடத்துல இருந்து டீச்சர். நாற்பதுதான்.”

“இதே வினை திரும்பி நடக்கணும்னா?”

சாக்பீஸ் வலப்பக்கம், பத்தில் போய் நிற்கிறது. அங்கிருந்து மேட்டை அண்ணாந்து பார்க்கிறாள்.

“எழுபது டீச்சர். திரும்பிப் போறதுக்குத்தான் கூட ஏறணும்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பலகையில் ஒரு சரிக்குறி போடுகிறார்.

“சரி, உன் எடத்துல போய் உக்காரு.”

பியாட்ரிஸ் பையை மடியில் எடுத்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து தவமணிக்கு இடம் விடுகிறாள்.