மாறாத வீடு

"ஆபீஸ் நேரத்துல விளையாட்டா, ஒடீல்?"

ரெமி சத்தமாகத்தான் கேட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க எல்லாருக்கும் வேலையே விளையாட்டுதானே" என்று சமாளித்தாள் ஒடீல்.

மாண்ட்ரியலில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற அந்த ஆபீஸில் அது எல்லோரும் சொல்லிச் சலித்த ஜோக். ரெமி சிரிக்கவில்லை.

அவர்களுடைய விளையாட்டில் யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம், தோட்டம் போடலாம். லட்சக்கணக்கானவர்கள் கட்டியிருந்தார்கள். ஒருவர் ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் போதும், பழைய புரோகிராம் வீடு முழுவதையும் மறுபடி டேட்டாபேஸில் எழுதும். சாயங்காலம் கூட்டம் சேர்ந்தால் எல்லாம் திணறி நின்றுவிடும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு ரெமிக்கு வந்தது.

அவன் வழி எளிமையானது. எது மாறியதோ அதை மட்டும் எழுது. மூன்று மாதம் எதுவுமே மாறவில்லையா, அது ஆளில்லாத வீடு, அழித்துவிடு. யார் வந்து பார்த்தார்கள் என்பது கணக்கில்லை, என்ன மாறியது என்பதுதான் கணக்கு. பழைய பிரதிகளைச் சேர்த்து வைப்பதையும் நிறுத்திவிட்டான்.

விளையாட்டு பறந்தது. மேலதிகாரி சோலாஞ் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அப்படியும் ஒரு வீடு மட்டும் அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை தவறாமல் அங்கே ஒரு பூந்தொட்டி கொஞ்சம் நகரும். அடுத்த நொடியே பழைய இடத்துக்குத் திரும்பும். நகர்த்துவது வீட்டுக்காரர் அல்ல. வாடிக்கையாளர்களின் குறைகளைப் போனில் கேட்கிற இந்த ஒடீல்.

"யாரோட வீடு இது?"

"ஒரு... தெரிஞ்சவரோடது."

"வாராவாரம் போய் பூந்தொட்டியைத் தடவிக் குடுக்கற அளவுக்குத் தெரிஞ்சவரா? காதலன்னு சொல்லிட்டுப் போயேன்!"

அறையே சிரித்தது. ஒடீலுக்குக் காது வரை சிவந்தது.

"அப்படியில்ல ரெமி. அதுல ஒரு விஷயம் இருக்கு..."

"ஒரு விஷயமும் இல்ல. எழுதறதைக் குறைக்க நான் இங்க மண்டையை உடைச்சுக்கறேன். நீ என்னடான்னா, ஒண்ணுமே மாறாத வீட்டை மாறினதா எழுத வெக்கறே."

"சரி, இனிமே தொடல. அந்த ஒரு வீட்டை மட்டும் அழிக்காம விட்டுடறியா?"

"உன் ஆளுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா?"

மறுபடியும் சிரிப்பு. ஒடீல் திரையைப் பார்த்துத் திரும்பி, அடுத்த போனை எடுத்தாள்.

ஊழியர்கள் யாரும் பிறர் வீட்டில் கைவைக்க முடியாதபடி அன்றைக்கே ரெமி தடை போட்டான். சோலாஞ் ஒடீலை அறைக்குள் கூப்பிட்டுக் கண்டித்தாள். வாரம் முடிவதற்குள் ஒடீல் வேலையை விட்டுவிட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போனவள், திரும்பி வந்து அவன் மேசையருகே நின்றாள்.

"அந்த வீட்டை நீயாவது கொஞ்சம் பாத்துக்கோ, ரெமி."

போகிற போக்கில் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பனி கொட்டி, உறைந்து, உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு மத்தியானம். ஒடீலின் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண் ரெமியைக் கூப்பிட்டாள்.

"யாரோ பெரியவர். வீட்டைக் காணோம், வீட்டைக் காணோம்கறார். எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பேசிடுங்க."

ரெமி போனை வாங்கினான்.

"தம்பி, ரிமுஸ்கியிலேருந்து திபோதோ பேசறேன். அது என் பொண்ணு ஆனிக் கட்டின வீடு. அவ தவறிட்டா. நான் தினமும் சாப்பிட்டதும் போய் அந்தத் தோட்டத்து பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன். இன்னிக்குப் போனா வெறும் புல்தரைதான் இருக்கு."

ரெமி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். அதே வீடு.

"சார்... நீங்க தினமும் வந்திருக்கீங்க, சரி. ஆனா எதையுமே மாத்தலையே. மூணு மாசம் ஒண்ணும் மாறலைன்னா..."

"எப்படித் தம்பி மாத்துவேன்? அவ வெச்சது வெச்சபடி இருக்கணும்ல? ஒரு பூவை நகர்த்தக்கூட எனக்குக் கை வரல."

ரெமி தட்டுவதை நிறுத்தினான்.

"அழிச்சிடுவோம்னு நீங்க அறிவிச்சப்பவே பதறிப்போய்க் கூப்பிட்டேன். ஒடீல்னு ஒரு பொண்ணு பேசினா. 'சார், நீங்க எதையும் தொட வேணாம். வாரம் ஒரு தடவை நானே போய் ஒரு தொட்டியை நகர்த்தி, அதே இடத்துல திரும்ப வெச்சுடறேன். உங்க பொண்ணு விட்டுட்டுப் போனபடியே இருக்கும்'னா. அவளை நம்பித்தான் இருந்தேன்."

ரெமி கம்ப்யூட்டரில் மறுபடி தேடினான். ஒரே ஒரு பழைய பிரதி இருந்தால் போதும். அவன்தான் வேண்டாம் என்று நிறுத்தியிருந்தான்.

"சார்... அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மன்னிச்சிடுங்க."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தான். அவர் வைக்கவில்லை.

"சரி தம்பி, வீடு போனது போகட்டும்" என்றார் பெரியவர். "சொன்ன சொல் தவறாத பொண்ணு அந்த ஒடீல். அவளுக்கு ஒண்ணும் ஆயிடலையே?"