பிக்கப்புக்குப் புதுப் பலகை

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். தான் ஆசையாய் ஓட்டிய பழைய பிக்கப்பிலேயே படுத்தபடி வீட்டுக்குப் போகணும் என்று புருஷன் கேட்டதால், கிளாடிஸ் வண்டியைச் சுயம்பு ஆசாரியிடம் கொண்டுவந்திருந்தாள். பின்பக்கத்தில் உளுத்துக் கிடந்த பலகைகளைப் பெயர்த்துவிட்டு, அவர் வேங்கைப் பலகைகளைப் பதித்துக்கொண்டிருந்தார். போல்ட் தலை முதுகில் குத்துமோ என்று, பதித்தவரைக்கும் அவளே ஏறிப் படுத்துப் பார்த்தாள். அப்போது போன் வந்தது. படுத்தபடியே கேட்டாள்.

"போயிட்டாராம்ணே."

சுயம்பு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ரெண்டு பலகை இருக்கே."

கிளாடிஸ் இறங்கிப்போய் அடுத்த பலகையைத் தானே தூக்கிவந்தாள். இடைவெளியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"முடுக்குங்கண்ணே."