பதினோரு புத்தகங்களும் ஒரு வில்லும்

"பதினோரு புத்தகம் ஒரே மாதிரி சொல்லுது. உன் பக்கம் ஒரே ஒரு கிழிஞ்ச நாட்குறிப்பு. யாரை நம்புறதுன்னு நீயே சொல்லு!"

அருங்காட்சியகக் காப்பாட்சியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேசையில் அந்த விசைவில் கிடந்தது. ஒரே இழுப்பில் மூன்று அம்புகள் பாயும். நாளை திறக்கப்போகும் ஆயுதக் கூடத்தில் அதற்குத்தான் நடு இடம். அது பிறந்த இடத்தைப் பித்தளைத் தகட்டில் பொறிக்க வேண்டும். பதினோரு புத்தகங்களும் சொன்னபடியே 'கடல் கடந்து வந்தது' என்று அவர் எழுதி முடித்துவிட்டார். பொறிப்பவர் வாசலில் காத்திருந்தார்.

கல்லூரி நூலகரான அவர் மனைவி, லீவு போட்டுவிட்டு வந்து அதைத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாட்குறிப்பு யார் எழுதினது? இந்த ஊரை முற்றுகை போட்டுத் தோத்துப்போன தளபதி. 'தச்சு வேலை செய்யற ஒருத்தி செஞ்ச வில்லு எங்களை ஓட ஓட விரட்டிடுச்சு'ங்கறான். எதிரி ஊர்ப் பொண்ணுக்கு அவன் எதுக்குங்க பெருமை சேக்கணும்?"

"பழசுன்னா எல்லாம் வேதமா? ஊருக்குள்ள லட்சம் வீரர்கள் இருந்தாங்கன்னும் அவன்தான் எழுதியிருக்கான். அன்னிக்கு இங்க லட்சம் கோழிகூட இருந்திருக்காது!"

"அது புளுகுதான், ஒத்துக்கறேன். தோத்ததுக்கு ஒரு சாக்கு வேணும்ல? ஆனா ஒரு பொண்ணு செஞ்ச வில்லுக்குப் பயந்து ஓடினேங்கறது மானக்கேடு. அதைப் போய் எவனாவது இட்டுக்கட்டுவானா?"

காப்பாட்சியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் வாதாடித் தோற்பதில் அவருக்கு ஒரு சுகம். ஆனாலும் இன்று விடவில்லை.

"சரிம்மா, பதினோரு பேரும் நல்லாப் படிச்சவங்க. கூடிப் பேசி வச்சுக்கிட்டா எழுதினாங்க?"

"அதைத்தான் ரெண்டு வாரமா தோண்டினேன்." அவள் பையிலிருந்து பிரதிகளை எடுத்துப் பரப்பினாள். "அடிக்குறிப்பைப் பாருங்க. மத்த பத்துப் பேரும் இந்த முதல் புத்தகத்தைத்தான் கைகாட்டறாங்க. ஒருத்தர்கூட இங்க வந்து வில்லைக் கண்ணால பாக்கலை."

காப்பாட்சியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் ஆளுக்கு எங்கேருந்து கிடைச்சுதாம்?"

"யாரையோ போன்ல கேட்டிருக்காரு."

"போன்லயா? ரயில் எத்தனை மணிக்குன்னு கேக்கற மாதிரியா சரித்திரத்தைக் கேப்பாங்க?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுதியிருந்த தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். புதிதாக எழுதினார்: 'இவ்வூர்த் தச்சுப்பெண் ஒருத்தி செய்தது. சொன்னவர், அவளிடம் தோற்ற தளபதி.' பொறிப்பவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

காப்பாட்சியருக்கு மனசு நிறைந்திருந்தது. "கெட்டிக்காரி! செத்துப்போன ஒருத்திக்கு நியாயம் வாங்கிக் குடுத்துட்ட. ஆமா, போன்ல வாய்க்கு வந்ததை அடிச்சுவிட்ட அந்தப் புண்ணியவான் யாரு?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசித் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

'தகவல்: அருங்காட்சியக எழுத்தர், தொலைபேசி வழி' என்றிருந்தது. கீழே இருந்த தேதி, காப்பாட்சியர் இதே கட்டடத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்.