நோட்டில் எழுதிய கேள்வி

"மூச்சு முட்டுதும்மா, சீக்கிரம் திறங்க!"

லிஃப்ட்டுக்குள்ளிருந்து அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தையற்காரர் கதவை மடார் மடாரென்று அடித்தார்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அது நின்றுபோய் இருபது நிமிடமாகிறது. உள்ளே அவரும், யார் வீட்டுக்கோ வந்த ஒரு பெண்பிள்ளையும் மட்டும். வெளியே காவலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இதோ திறக்கறேன், பயப்படாதீங்க!" என்று குரல் கொடுத்தபடி லிஃப்ட்டக்கா கருவிப் பெட்டியைத் திறந்தாள். அந்த வட்டாரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவள் கையால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளைச் சொந்தப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

முறைப்படி முதலில் மொட்டைமாடி அறைக்கு ஏற வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கதவு. வேலை பழக வருகிறவர்களிடம் அவள் தொண்டை கிழியச் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் மேலே இன்னும் ஐந்து மாடி. உள்ளே அந்த மனுஷர் போடுகிற சத்தமோ ஓயவில்லை. போன வருஷம் இப்படித்தான் ஓர் அவசரத்தில் கதவிடுக்கில் கையைக் கொடுத்து, வலக்கை மோதிரவிரல் கோணிப்போனது. அதுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவியை அதன் துளையில் செருகிவிட்டாள்.

உள்ளே அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது.

"இரும்மா... இந்தப் பொண்ணு நோட்டுல ஏதோ எழுதிக் காட்டுது. மெயினை அணைச்சுப் பூட்டுப் போட்டாச்சான்னு கேக்குது."

லிஃப்ட்டக்காவுக்குச் சுருக்கென்றது. சாவியை உருவிக்கொண்டு படியேறினாள்.

பத்துப் படி ஏறியிருக்க மாட்டாள். முதுகுக்குப் பின்னால் தடாலென்று சத்தம். லிஃப்ட் தானாகவே ஓர் அடி கீழே இறங்கி நின்றது.

கதவைத் திறந்து கையை நீட்டியிருந்தால்? கடவுளே! அதற்குமேல் நினைக்காமல் ஏறினாள்.

யார் பெற்ற பிள்ளையோ, என்ன நிதானம்! எழுதித்தான் காட்டுகிறது, வாய் பேச வராத பிள்ளையோ என்னவோ. இதை வளர்த்தவளைப் பார்த்தால் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே! பதினோரு வயசாகிறது, பல்லியைப் பார்த்தால் தெருவே கூடுகிற மாதிரி கத்தும். இன்றைக்குத்தான் முதல்முறையாக, பள்ளி விட்டதும் தனியாகத் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறது. எப்படித்தான் வீடு வந்து சேரப்போகிறதோ.

மெயினை அணைத்தாள். பூட்டினாள். பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, லிஃப்ட்டை மூன்றாம் மாடி வாசலுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

இறங்கி வந்தால் உள்ளே சத்தமே இல்லை. கதவில் காதை வைத்தாள்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. காலை நீட்டி உக்காரச் சொல்லி எழுதுச்சு, உக்காந்துட்டேன். நூறுலேருந்து பின்னாடியே எண்ணச் சொல்லுச்சு. அறுபத்திரண்டுல நிக்கிறேன். திறந்தா போதும், மிச்சத்தை வீட்ல போய் எண்ணிக்கிறேன்."

காவலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கதவு திறந்தது. தையற்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் அந்தப் பெண். மார்போடு பள்ளிப்பை, ஒரு கையில் நோட்டு. மற்றொரு கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்டக்காவின் மகள்.

தோழி வீட்டு விலாசத்தைக் காலையில் மகள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படிக்காமலேயே வேலைக்கு ஓடிவந்திருந்தாள் அம்மா.

மகள் மெதுவாகக் கையை எடுத்தாள். அம்மாவின் கோணல் விரலைத் தொட்டாள்.

"அன்னைக்கு பாத்ரூம் கதவு மாட்டிக்கிட்டு நான் கத்துனதாலதானே இப்படி ஆச்சு? என் குரல் கேட்டா நீ மெயினை மறந்துடுவேம்மா."

வாயைப் பொத்தியதில் மகளின் கன்னங்களில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருப்பதையே அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகளின் உதடு துடித்தது.

"இப்ப அழுதுக்கவாம்மா?"