பித்த வெடிப்பு கிரீம் பெட்டி

“என்னயக் கேக்காம ஏன் எடுத்திய?”

“பெட்டியில பாதம் படம் போட்டிருக்கு. பாதத்துல போட்டேன். அதுக்கா இந்தச் சத்தம்?”

எதிர் வீட்டு பியூலாவின் குரல் ஏறியது. அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணியின் குரல் அதற்கு மேல் ஏறியது.

எங்கள் பிளாக்கில் சமையலறைகள் எதிரெதிரே இருக்கும். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து. கட்டியவன் புண்ணியவான். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் சண்டை என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

நான் குக்கரை இறக்கிவைத்தேன். விசில் அடித்தால் முக்கியமான இடம் போய்விடும்.

மேல் வீட்டு மெர்சி குழாயை மூடினாள்.

“ஒரு வாரமாப் போடுதேன். பித்த வெடிப்பெல்லாம் போயி, காலு பஞ்சு மாதிரி ஆயிட்டு. வேணும்னா தொட்டுப் பாரு.”

“அது காலுக்கு இல்ல.”

“பின்ன?”

அவள் எங்கள் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

“பின்ன என்னத்துக்குட்டி?”

அவள் சொன்னாள். கத்தவில்லை. அதனால்தான் தெளிவாகக் கேட்டது.

“மாசாமாசம் வாரது நின்ன பொறவு உள்ள காஞ்சு கெடக்கு எனக்கு. உக்காந்தா எரியுது. ஒண்ணுக்குப் போனா எரியுது. டாக்டரம்மா உள்ள வைக்கத் தந்த மருந்து அது. நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பெட்டிக்குள்ள போட்டு வச்சேன்.”

மெர்சி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பொத்தினாலும் கேட்கும் சிரிப்பு அவளுடையது.

நான் சிரிக்கவில்லை. துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞானசிகாமணி சபையில் ஜெபிக்க எழுந்தால் லேசில் உட்காராத மனிதர். அன்று அவர் வாயிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.



“இந்த வயசுல, யாருக்குட்டி அது?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அவர் தலையணை ஹாலுக்குப் போய் நாளாகிவிட்டது. ஹாலில் காற்று நன்றாக வருகிறது என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். தொட்டபோது அவள் விலகியிருப்பாள். ஏன் என்று அவர் கேட்டிருக்க மாட்டார். வலிக்கிறது என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். இதெல்லாம் என் ஊகம். இந்த மாதிரி விஷயத்தில் என் ஊகம் தப்பாது.

“எனக்கு” என்றாள் பியூலா.

அதோடு சண்டை முடிந்தது.

சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மெடிக்கலுக்குப் போனார். சும்மா சொல்லக் கூடாது, போனார்.

எனக்கும் திடீரென்று தலைவலித் தைலம் தேவைப்பட்டது.

கடையில் நின்றவர் எங்கள் சபைச் செயலாளரின் மருமகன்.

“வாங்க மாமா. என்ன வேணும்?”

மாமா வாயைத் திறந்தார். மூடினார். பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

“இதுல ஒண்ணு.”

கேட்டது கிடைத்தது. பித்த வெடிப்பு கிரீம்.

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் காசு கொடுத்தார். பாக்கிச் சில்லறையை வாங்காமல் நடந்தார்.

அவர் வீடு சேரும்முன் நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

பியூலா பொட்டலத்தைப் பிரித்தாள். பாதம் படத்தை வெகு நேரம் பார்த்தாள். அவர் பக்கத்திலேயே நின்றார். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தார் போல.

“சரி, வச்சுட்டுப் போங்க.”

அவர் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

மறுநாள் காலை அவளே போனாள். அந்தக் கடைக்கேதான். நான்கு பேர் நிற்கும்போது மருந்தின் பெயரை முழுதாகச் சொல்லி வாங்கினாளாம். மெர்சி சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்த டியூப் ஒளியவில்லை. சமையலறை ஜன்னல் திட்டில், பிரஷ் குவளைக்குப் பக்கத்தில், சொந்தப் பெயரோடு நின்றது. அவர் தினமும் அதன் எதிரில் நின்றுதான் பல் தேய்த்தார். ஒரு நாளும் அதைத் தொடவில்லை. ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

தலையணை ஹாலிலேயே இருந்தது.

இரண்டு மாதம் போனது. கோயிலில் பெண்கள் பக்கத்து பெஞ்சில் அவள் என் அருகில்தான் இருப்பாள். பிரசங்கம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெளிந்துகொண்டிருந்தது நான்தான். ஒரு தடவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வருடமே வீட்டைக் காலி செய்தார்கள்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் பிரசவம். பியூலா அங்கே. மகன் ஓசூரில் வீடு கட்டுகிறான், மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். ஞானசிகாமணி அங்கே. பிள்ளைகள் ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

சாமான் ஏற்ற வண்டிகூட இரண்டு வந்தது.

போகும் அன்று பியூலா வீடு வீடாக ஏறி இறங்கினாள். மெர்சிக்குக் கறிவேப்பிலைத் தொட்டி. கீழ் வீட்டுக்கு இட்லிக் கொப்பரை.

என் கையில் ஒரு பெட்டியைத் திணித்தாள். பாதம் படம் போட்ட பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை.

“எனக்கு இனி இது வேண்டாம்க்கா. ஒங்க வீட்டுல அண்ணாச்சி இருக்காவளே.”

எனக்குப் பித்த வெடிப்பு கிடையாது.

பெட்டி இப்போது காலியாகவும் இல்லை.