பன்னிரண்டு சொற்கள்

"றிஸ்கான், என்ட ஃபோன் துலைஞ்சு போச்சு, இது வேறாக்கள்ர நம்பர். நம்மட பிட்காயின் வாலெட்டை ஆரோ உடைக்கிறாங்களாம். அதைத் திறக்கிற பன்னிரண்டு சொல்லையும் கெதியாச் சொல்லுங்க!"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"நான் உங்கட பொஞ்சாதி!" சனூஸாவின் குரல் அழுதது.

போன வருடம் யாரோ ஒரு 'கம்பனிக்காரனிடம்' அந்தச் சொற்களைக் கொடுத்து, இருந்ததையெல்லாம் பறிகொடுத்தவன் றிஸ்கான். இப்போது இருப்பது மறுபடி சேர்த்தது.

"அழுதாலும் ஏலாது." அழைப்பைத் துண்டித்தான்.

சற்று நேரத்தில், கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்கிய சனூஸா கைப்பேசியும் கையுமாகப் படலையைத் திறந்தாள்.

"இஞ்சேருங்க, முகம் ஏன் இப்பிடி? ஆரோட சண்டை?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள் அவள். திருடர்களால் கணினியில் நகலெடுத்து அவளது குரலை மட்டும்தான் திருட முடிந்திருக்கிறது.

"உன்னோடதான்," என்று சிரித்தான் றிஸ்கான்.