ஆறு எண்ணும் வரை

“நேத்துதான் எரிய ஆரம்பிச்சுதுன்னீங்க. இந்தப் பொட்டி வேற சொல்லுதே, சார். நீங்களே பாருங்க.”

மெக்கானிக் சோதனைக் கருவியை நீட்டினார். கணவன் அதை வாங்கவில்லை.

“நீங்க சொன்னா சரிதான்.”

பட்டறையில் அந்த மெக்கானிக்கை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் மூன்று முறை பார்க்காமல் ஸ்பானரைத் தொடமாட்டார்.

“என்ன சொல்லுது?” என்றாள் மனைவி. காலையில் கழுவுவதற்காகக் காரை நகர்த்தியபோது, அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தவள் அவள்தான். வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி, அது பெல்ட் கோளாறு என்று தெரிந்துகொண்டு, முட்டி வலி என்ற கணவனைப் பின்சீட்டில் உட்காரவைத்து அவளே ஓட்டி வந்திருந்தாள்.

“டிரைவருக்குப் பக்கத்து சீட்டு பெல்ட், மேடம். வண்டி மோதினா ஆளைச் சுண்டி இழுத்துப் பிடிக்க உள்ளே துளி வெடிமருந்து இருக்கும். அதுக்குக் கரன்ட் போகலை. எத்தனையாவது கிலோமீட்டர்ல இந்தக் கோளாறு வந்துச்சுன்னும் பதிவாயிருக்கு. அதுக்கப்புறம் வண்டி ஆயிரத்துத் தொண்ணூறு ஓடியிருக்கு.”

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். “ஆபீஸ் போய்வர இருபத்தாறு. அப்போ நாப்பத்திரண்டு நாள்.” கணவன் பக்கம் திரும்பினாள். “லீவு நாளையும் சேர்த்தா ரெண்டு மாசம். ரெண்டு மாசமா மூஞ்சிக்கு நேரா எரியுது, நேத்துங்கறீங்க?”

“கவனிக்கலை.”

“என் சட்டையில ஒரு பட்டன் மாறியிருந்தா கவனிக்கிற ஆளாச்சே நீங்க.”

நிதானம் பேட்டரி வயரைக் கழற்றினார். “பத்து நிமிஷம் உட்காருங்க.”

“அதான் கழட்டியாச்சே, அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்?”

“கழட்டினாலும் உள்ளே கொஞ்ச நேரம் கரன்ட் தங்கும், மேடம். அவசரப்பட்டு நான் கையை வெச்சு, அது வெடிச்சா, இந்தப் பட்டறைப் பசங்க எனக்கு வேற பேர் வெச்சிடுவாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் தரையில் கிடந்த ஜாக்கியில் இடறி, சமாளித்து, நெடிய கால்களை மடக்கி பெஞ்சில் உட்கார்ந்தான்.

“என்னை வெளியில கூட்டிட்டுப் போயும் ரெண்டு மாசமாச்சு,” என்றாள் அவள், தணிந்த குரலில். “கேட்டா முட்டி வலி. ஆபீஸ் போறப்போ மட்டும் அந்த முட்டி வலிக்கிறதில்லை.”

அவன் முட்டியைத் தடவிக்கொண்டான். பத்து நிமிடம் கடந்தது.

நிதானம் டார்ச்சுடன் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். “வாங்க மேடம். இந்த மஞ்சள் கனெக்டர் பாதி கழண்டு நிக்குது பாருங்க. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளினாத்தான் வயர் இவ்வளவு இழுபடும். சீட்டு ஓடற ரெயில்லயும் தேய்ஞ்ச தடம் பளபளன்னு இருக்கு. தினமும் தள்ளியிருக்காங்க.”

“நான் உட்கார்ந்தா முன்னாடிதான் இழுத்துப்பேன். இன்னிக்கும் சீட்டு அப்படித்தானே இருந்துச்சு?”

“வண்டி கிளம்பறப்போ தள்ளிட்டு, திரும்பி வந்ததும் பழையபடி முன்னாடி…” சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது நிதானத்துக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கனெக்டரைச் சொருகி, பூட்டை அழுத்தி, இல்லாத தூசியைத் துடைத்தார்.

“யாருங்க அது?” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “நான் ஏழு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனப்புறம் இதுல யார் ஏர்றா?”

அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“யாருமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பதினாறு வருஷமா நம்பின மாதிரி இதையும் நம்பிட்டு வீட்டுக்கு வந்துடறேன்.”

“அப்படிச் சொல்ல முடியாது.”

அவள் கைப்பையை இறுகப் பற்றிக்கொண்டாள். கிளம்பிப் போய்விடுவாளோ என்று நிதானத்துக்குத் தோன்றியது. பேட்டரியை மாட்டிவிட்டு அவசரமாகக் கூப்பிட்டார். அவர் அவசரப்பட்டு அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை.

“சார், நீங்க டிரைவர் சீட்ல உட்கார்ந்து சாவியைத் திருப்புங்க. கோளாறு இல்லேன்னா விளக்கு ஆறு செகண்ட் எரிஞ்சு அணையும். அணைஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா பழைய பதிவை அழிச்சுப் பார்க்கலாம்.”

அவன் தடுமாறி ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. நாலு. அஞ்சு. ஆறு.

“அணைஞ்சிடுச்சு,” என்றான்.

மனைவி ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள். அவன் முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு அவன் கண்களைப் பார்த்தாள். கைப்பை நழுவித் தரையில் விழுந்தது.

“பக்கத்து சீட்ல தினமும் உட்கார்றது நான்தான்,” என்றான் அவன், அவள் நிற்கும் இடம் தெரியாமல், அவள் இல்லாத பக்கமாக முகத்தைத் திருப்பி. “நீ கிளம்பினப்புறம், கூட வேலை பார்க்கற தம்பி ஒருத்தன் வந்து ஓட்டிட்டுப் போறான்.”